எள் இல்லாத அமாவாசை

பிள்ளைகளே, போன அமாவாசையன்று உங்களில் மூத்தவள் என்னிடம், "அப்பா, நீங்க மட்டும் ஏன் காலையில சாப்பிடாம வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டாள். அன்று பெரட்டில் பேர் கூப்பிடும் நேரமாகிவிட்டது, பதில் சொல்லாமல் போய்விட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோவையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

தகப்பனை இழந்தவன்தான் அமாவாசை விரதம் பிடிக்க வேண்டும். தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் பிடித்தால் அது தகப்பனுடைய ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். எள்ளைக் கையில் எடுக்கவும் கூடாது. என் அப்பா தன்னுடைய அப்பாவுக்காக மாதம் தவறாமல் பிடித்தவர். அன்றைக்கு வெறும் வயிற்றோடு கவ்வாத்து மலைக்குப் போய், தேயிலை வெட்டி முடித்து, மத்தியானம் வந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் குளித்து, விளக்குக்கு முன்னால் இலை போட்டு, காகத்துக்கு வைத்த பிறகுதான் ஒரு வாய் சாப்பிடுவார்.

இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனமான நமக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்த பிறகு, இந்தியாவுக்குப் போய்வருவது பெரும்பாடாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து அப்பாவின் அண்ணன் சாகக் கிடப்பதாகக் கடிதம் வந்தது. இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று தவணை போட்ட ஒரு கடதாசியை வாங்கிக்கொண்டு அப்பா புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. நாங்கள் போட்டதற்கும் பதில் இல்லை.

ஒரு வருஷம் போயிற்று. அப்பா அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று லயத்து வரிசை வீடுகளில் பேசினார்கள். குழாயடியில் ஒருத்தி அம்மாவைப் பார்த்து, "ஒனக்குக் கடுதாசி எழுதிருவாருன்னு அங்க இருக்கிறவ மைக்கூட்ட ஒளிச்சு வச்சிருக்கா போல" என்றாள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, பக்கத்து லயத்தில் இருந்தார். ஒருநாள் அவர் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நீ அமாவாசை பிடிக்க ஆரம்பிச்சிரு."

"என்னண்ணே பேசுற? அவுக செத்தத நீ பாத்தியா?" என்றாள் அம்மா.

"நான் செத்தாருன்னு சொல்லல. செத்திருந்தா பசியோட நிக்கக்கூடாதுல்ல. மச்சான் உசுரோட இருந்தா, நம்ம வடைய நெனச்சு அங்க விக்கல் எடுத்துட்டுப் போகட்டும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் யோசித்து, அவளே ஒரு வழி சொன்னாள்.

"ஒங்கப்பா அவுக அப்பாவுக்குச் செஞ்சாக. இப்ப அவருக்குச் செய்ய இங்க ஆளில்ல. நீ ஒன் தாத்தாவுக்குன்னு நெனச்சுப் பிடி. எள்ளு வேணாம். தண்ணி விட வேணாம். எல போட்டு, காக்காய்க்கு வையி, போதும்."

அப்படித்தான் தொடங்கினேன். அம்மா வெங்காயம் சேர்க்காமல் சமைப்பாள். வாழைக்காய், பூசணி, பருப்பு, கையில் காசிருந்தால் இரண்டு வடை. நான் விளக்குக்கு முன்னால் கண்ணை மூடுவேன். ஆனால் தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. நினைப்பதற்கு ஒரு முகம் இல்லை. அப்பா முகம்தான் வரும். உடனே கண்ணைத் திறந்துவிடுவேன். நினைத்துவிட்டோமே, அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அன்று முழுக்கப் பயமாக இருக்கும். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் எங்கள் லயத்து வீட்டுக் காம்பிராவைத் தேடி வந்தார். இந்தியாவுக்குப் போய்த் திரும்பியவர். அப்பாவின் ஊருக்கு அடுத்த ஊர் அவருக்கு. வாசலிலேயே நின்றார்.

"ஊர்ல அவரு இல்லீங்கக்கா. அண்ணன் காரியம் முடிஞ்ச மறுமாசமே கெளம்பிட்டாராம். தவணை தாண்டிப்போச்சுன்னு கப்பல்ல ஏத்தல. அப்புறம் ராமேஸ்வரத்துப் பக்கம் நாலஞ்சு பேரோட தோணி ஏறினாராம். கூடப் போனவங்க வீட்டுக்கும் இன்னவரைக்கும் தகவல் இல்லையாம்."

அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த மாசங்க?"

"ஐப்பசிங்க."

ஐப்பசிக் கடல் எப்படியிருக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"அப்ப, திரும்பி வரத்தான் கெளம்பியிருக்காக," என்றாள் அம்மா.

"ஆமாங்கக்கா. இங்க வரத்தான்."

அவரை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் போன பிறகும் அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

அடுத்து வந்தது ஆடி அமாவாசை. மலையிலிருந்து இறங்கி வந்தபோது அம்மா வாசலில் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கையில் ஒரு சின்னத் தட்டு, அதில் கறுப்பு எள். லுணுகலை ஊர்க் கடைக்குத் தானே நடந்துபோய் வாங்கிவந்திருக்கிறாள்.

"அம்மா, நிச்சயமாத் தெரியாதேம்மா."

"தெரியாதுதான்."

"உசுரோட இருந்தா?"

"இருந்தா எங்கியாச்சும் ஒரு வா தண்ணி குடிச்சிருப்பாரு. இல்லன்னா, இத்தன நாளா அவருக்கு யாரு குடுத்தா? கடல்ல போனவரு. அந்தத் தண்ணிய வாயில வைக்க முடியுமா?" தட்டை என் கையில் வைத்தாள். "தப்பா இருந்தா அந்தப் பாவம் எனக்கு வரட்டும். நீ தண்ணி விடு."

பீலியில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு நின்று, எள்ளையும் தண்ணீரையும் கையில் வாங்கினேன். பெயரைச் சொல்லி விட வேண்டும். அப்பா பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்று தரம் சொன்னேன். அம்மா தள்ளி நின்று, என் கையிலிருந்து தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலை போட்டோம். அன்றுதான் கண்ணை மூடி, திறக்காமல் இருந்தேன்.

அவள் செய்தது சரியா என்று இந்த வயதிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவைப் பற்றி அதற்குப் பிறகும் எந்தத் தகவலும் வரவில்லை. அவரைத் தாகத்தோடு விடுவதா, சாகக் கொடுப்பதா என்று அவள் ஒருத்தியாகவே முடிவு செய்தாள். வேறு குடும்பம் என்று சொன்னவர்கள் வாயை அடைத்த செய்திதான் அவளை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது.

அன்று சாப்பிட்டதும் அம்மா பாயை விரித்துச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். தகப்பன் செத்தால் மகன் மீசையை எடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் சூழ நிற்க நாவிதர் செய்கிற காரியம் அது. எனக்கு அதை யாரும் சொல்லவும் இல்லை, ஆளைக் கூப்பிடவும் இல்லை. சவரக் கத்தியையும் உடைந்த கண்ணாடித் துண்டையும் மடியில் கட்டிக்கொண்டு, தேயிலைக்குக் கீழே ஓடைக்கு நான் மட்டும் போனேன். ஒரு கல்லில் கண்ணாடியைச் சாய்த்துவைத்தேன். தண்ணீரைத் தொட்டு நனைத்து, மீசையை நானே மழித்தேன்.