அபு ஷாஃபியின் மோர்க் கம்பெனிப் பங்கு

ரியாத்காரர்கள் அந்த மோர்க் கம்பெனியை மொத்தமாக வாங்கப் போகிறார்களாம். அபு ஷாஃபிக்கு இதைச் சொன்னவர் முடிதிருத்துகிறவர்; அவருக்குச் சொன்னது யாரோ வாடிக்கையாளர். விலை ஏறும் என்று இவரும் அதன் பங்கை வாங்கினார்.

அபு ஷாஃபி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குவைத்தில் அவர் வீட்டு மாடியில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். பங்கு ஏறி இறங்குவதைச் செல்போனில் பார்த்ததோடு நில்லாமல், தினமும் கூட்டுறவு அங்காடிக்குப் போய்க் குளிர்பெட்டியை எட்டிப் பார்ப்பார். வேறு மோரை எடுத்தவர்களிடம், "ஏன், அது பிடிக்கலையா?" என்று கேட்டு முறைப்பும் வாங்கியிருக்கிறார்.

ஒரு மாதமாக அங்கே அந்த மோர் வந்த வேகத்தில் தீர்ந்தது. வளர்ச்சி என்றால் இதுதான் என்று, தானா என்ற தன் மகள் வீடு கட்ட வைத்திருந்த பணத்தையும் கேட்டு வாங்கிப் பங்கில் போட்டார்.

"அஸ்திவாரம் தோண்டுறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும், அப்பா" என்றாள் அவள்.

நேற்று மாலை, நண்பர் ஜர்ராஹின் திவானியாவுக்கு என்னையும் கூட்டிப் போனார். தெரு ஆண்கள் கூடிப் பேசும் கூடம். தேநீருக்குப் பதில் அதே மோர் வந்தது.

"இங்க எப்பலேருந்து மோர்?" என்று கேட்டார் அபு ஷாஃபி.

"நீ சொல்லி நாங்களும் பங்கு வாங்கினோமே, அப்பலேருந்து" என்றார் ஜர்ராஹ். "நம்ம கம்பெனி மோரை நாமளே குடிக்கலைன்னா எப்படி? பெட்டி பெட்டியா வாங்குறோம். பக்கத்துத் தெரு திவானியாவுலயும் இதுதான். எங்க ஆடுகூட இப்ப தண்ணி கேக்குறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அபு ஷாஃபி கோப்பையை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"அப்ப அங்காடில காலி பண்ணினது நீங்கதானா?"

"வேற யாரு? உனக்காகத்தான்யா."

இன்று காலை, எங்களைத் தெரியாத வேறு பகுதியின் அங்காடிக்குப் போனோம். மோர் அடுக்கு குறையாமல் இருந்தது. பாதி விலைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். செல்போனிலோ பங்கு இன்னும் மேலேதான்.

"ரியாத் விஷயம் நெஜமா இருந்தா?" என்றேன்.

"இருக்கலாம். ஆனா என் மக பணத்தை வச்சுக்கிட்டு அதைத் தெரிஞ்சுக்கக் கூடாது. அவ பங்கை இன்னிக்கே வித்துடுறேன்."

விற்பதென்றால் தரகரிடம் வாயால் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். குளிர்பெட்டிக்கு முன்னாலேயே நின்று அவரைச் செல்போனில் கூப்பிட்டார். இங்கே பங்குச் சந்தை மதியமே மூடிவிடும்; அதற்குச் சற்று நேரமே இருந்தது. என் செல்போனில் விலை ஒரு படி இறங்கியது. அவரிடம் காட்டினேன்.

"போனை எடுப்பா" என்றார், மணி அடித்தும் இன்னும் எடுக்காத தரகரிடம்.