இது நாம செஞ்சதா, டீச்சர்?

ஜெயராணி டீச்சர் இன்னும் வரவில்லையே என்று நான் வகுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகன். நெஞ்சுவலி என்று கொண்டுபோயிருக்கிறார்கள். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே எல்.கே.ஜி. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, மாவு பிசைய அவருக்காகக் காத்திருந்தார்கள். 

அச்சங்குளத்தில் எங்கள் சின்னப் பள்ளியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. அவர் கை சும்மா இருந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில்கூட ஒரு மாவு உருண்டையை உருட்டிக்கொண்டுதான் பேசுவார். மைதா, உப்பு, கொஞ்சம் கடலை எண்ணெய், நிறத்துக்கு மஞ்சளோ பீட்ரூட் சாறோ. பிள்ளைகளுக்கு அவர் செய்துகொடுத்த விளையாட்டுச் சாமான் இதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால், மாவுக்கு மாறுவதற்கு முன்பு ஒருநாள், வீட்டிலேயே சாயம் ஏற்றிய அரிசியைத் தட்டில் கொட்டிவைத்தார். கௌசல்யா என்ற பிள்ளை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. எவ்வளவு கொஞ்சியும் தொடவில்லை. அவள் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்தவருக்குத் தட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"கலர்ப் பொடியத் தொடாதன்னு தலபாடா அடிச்சுச் சொல்லி வளக்கேன் டீச்சர். நீங்க அதையே அள்ளி விளையாடச் சொல்லுதீகளே."

நான் அந்த அம்மாவின் பக்கம்தான் பேசினேன். இந்த ஊரில் பிள்ளைகளைக் காப்பதே அந்தப் பயம்தான், அதைக் கலைக்க வேண்டாம் என்றேன். எதையுமே தொடப் பயந்தால் பென்சிலை எப்படிப் பிடிக்கும் என்று ஜெயராணி டீச்சர் திருப்பிக் கேட்டார். அந்த வாரம் முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே வந்தார். "பயமும் வேணும் டீச்சர், கையும் வேணும்" என்றார்.

மறுநாள் வகுப்புக்கே அடுப்பைக் கொண்டுவந்துவிட்டார். கௌசல்யாவின் அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வெள்ளை மாவைக் கிளறி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மஞ்சளைப் போட்டு, முதல் கிள்ளு எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "கண்ணு முன்னால நாம செஞ்சத மட்டும் தொடணும். வேற எதுன்னாலும் கையப் பின்னால கட்டிக்கிட்டு எங்களக் கூப்பிடணும்." கடைசியாக வந்த கௌசல்யா ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

சில மாதங்கள் கழித்து, பள்ளிச் சுவரோரம் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. கிழிசல் வழியே வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்துப் பொடி சிந்தியிருந்தது. அதை முதலில் பார்த்தது கௌசல்யாதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "டீச்சர், இது நாம செஞ்சதில்ல" என்று கத்தினாள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஜெயராணி டீச்சர் படியில் உட்கார்ந்து அழுதார். அன்று ஒருநாள்தான் அந்தக் கை சும்மா இருந்தது.

அடக்கம் முடிந்து பள்ளி திறந்தபோது எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. சாத்தூர் கடையில் களிமண் பாக்கெட் வாங்கிவந்து பாயில் வைத்தேன். சிவப்பு, பச்சை, நீலம். இந்த வருடப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"இது நாம செஞ்சதா, டீச்சர்?"

அடுப்பைப் பற்றவைத்து, அவர்கள் கண் முன்னாலேயே மாவைக் கிளறினேன். தண்ணீர் கூடிப்போய் மாவு கையோடு ஒட்டியது. அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த உப்புக் கரிக்கும் முதல் கிள்ளுதான். அதை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தேன். பிள்ளைகளின் கைகள் முன்னால் வந்தன.