முதல் ஊசிக் காய்ச்சல்

தேனி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் அவரைப் பார்த்தேன். மேகமலையில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். முறுக்கிய மீசை, காக்கிச் சட்டை. நொடிக்கொரு தரம் புறங்கையால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்த் தொற்றோடு பிறந்த பிள்ளை. பத்து நாள் பென்சிலின் ஊசி. முதல் நாளே காய்ச்சல் ஏறிவிட்டது.

"ஊசி ஒத்துக்கல. புள்ளையத் தூக்கு, போவோம்," என்றார் மனைவியிடம்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். விளக்கிச் சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினேன்.

"அண்ணே, கிருமி மொத்தமாச் சாகும்போது இப்படிக் காய்ச்சல் வரும். நாளைக்குள்ள எறங்கிரும். பாதியில நிறுத்துனாத்தான் ஆபத்து."

அரைமனதோடு வார்டிலேயே தங்கினார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் அவருக்கும் ஊசி எழுதினார்.

"நமக்கு ஊசி ஒத்துக்காது தம்பி."

"முன்னாடி போட்டிருக்கீகளா?"

"இல்ல."

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "சீக்கு உங்ககிட்டருந்து வந்தது. நானும் புள்ளையும் போட்டாச்சு. நீங்க ஓடுறீகளாக்கும்?"

போட்டுக்கொண்டார். அடுத்த நாள் காலையிலேயே என்னைத் தேடி வந்தார்.

"ஒடம்பு ஜில்லுன்னு இருக்கு தம்பி. ஒரு கிருமியும் சாகல போல. இன்னொண்ணு போடுங்க."

காய்ச்சல் எல்லாருக்கும் வராது, மருந்து வேலை செய்யும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போய், பிள்ளையிடம் குனிந்தார்.

"நல்ல மருந்தெல்லாம் ஒனக்குத்தாண்டா போட்டிருக்காக."

அந்த நம்பிக்கையில், பத்து ஊசியும் முடியும்வரை பிள்ளையை வார்டைவிட்டு நகர்த்தவில்லை. நானும் அதற்குமேல் விளக்கப் போகவில்லை.