காலித் தோட்டா துலக்கிய எங்கள் அக்கா

அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. இன்றைய ஜெபத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் கூடப் பிறந்த தங்கையின் வணக்கம். "நல்லத மட்டும் எய்தும்மா, செத்தவங்க பேர்ல சண்ட வாணாம்" என்று சித்தப்பா நேற்றே சொல்லிவிட்டார். நடந்ததை எழுதுகிறேன். சித்தப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் காலனியில். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பாவுக்கு முதுகு போனதும் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. களையெடுக்கப் போனார், செங்கல் சூளைக்குப் போனார், கொஞ்ச காலம் இறால் பண்ணையில் வலை கழுவினார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனது அந்தக் கூலியில்தான். இன்று நான் அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறேன்.

அக்கா சாதுவானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரல் தெருமுனை வரை கேட்கும். கோவளத்தில் மீன் வாங்கப் போனால் கடைக்காரர் இவரைப் பார்த்ததுமே கெட்ட மீனை ஓரம் தள்ளிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் வரிசையில் உட்கார்ந்து சுருதி சேராமல் பாடுவார். பாடகர் குழுவில் சேர்க்காத கோபத்தை அப்படித் தீர்த்துக்கொண்டார்.

பூஞ்சேரிக்குப் பக்கத்தில் பெயிண்டர் வேலை செய்த எங்கள் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டார். சிமெண்டு ஷீட்டு போட்ட வீடு, ஒரே மகள் ஏஞ்சல். குழந்தை பிறக்கும் முன்பே, கடலோரச் சாலையில் இருந்த ஒரு பெரிய பங்களாவில் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். அந்த வீட்டு சார் சென்னைக்காரர், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். கூடம் முழுக்கக் கோப்பைகள். சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பையில் கட்டி எடுத்துவந்து, சுத்தம் செய்து, மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்கிக்கொள்வார். அதற்கு உரிமம் இருக்கிறது என்று சொல்வார். நாங்கள் பார்த்ததில்லை.

அந்தக் காலித் தோட்டாக்களைத் துலக்கும் வேலை மெல்ல மெல்ல அக்காவிடம் வந்தது. முதல் நாள், பித்தளைக் குடம் துலக்குவதுபோல் புளிக்கரைசலில் ஊறப்போட்டுவிட்டார். உறைகள் செம்பு மாதிரி சிவந்துபோயின. சார் கத்தியிருக்கிறார். பிறகு சட்டிபோல் ஒரு மிஷினைக் காட்டினார். காய்ந்த மக்காச்சோளச் சக்கையை அரைத்த தூளை அதில் கொட்டி, உறைகளைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால் மணிக்கணக்கில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் சல்லடையில் சலித்தால் தூள் கறுத்து விழும், உறை மின்னும். துணியால் ஒரு தேய் தேய்த்து அடுக்கிவைப்பார். வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் சார் ஒன்றை எடுத்துக் காட்டி, "எங்க வீட்டு அம்மா கை பட்டா புதுசு" என்று சொன்னாராம். அக்கா அதை எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் அவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

ஏஞ்சல் தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் பங்களாவில் ஒரு மாற்றம் வந்தது. சாரின் மனைவியை அக்கா மேடம் என்பார்; அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்கு வந்தார். வந்த வாரமே டிரைவர் அந்த மிஷினையும் தூள் மூட்டைகளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். இனி வீட்டிலேயே செய்து கொடுத்தால் போதும், கூலி கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குப் போன் செய்து, "வூட்லியே வேல கொட்த்துட்டாங்கடி. கொயந்தையும் பாத்துகினு, சோறும் ஆக்கிகினு செய்யலாம். மேடத்துக்கு நல்ல மனசு" என்றார்.

சமையல் மூலையை ஒட்டி மிஷின் ஓடியது. வாசற்படியில் உட்கார்ந்து அக்கா சலிப்பார். சார் ஒருவரின் உறைகள் மட்டுமல்ல, அவருடைய சிநேகிதர்களின் மூட்டைகளும் வரத்தொடங்கின. கறுப்புத் தூசி அரிசிப் பானையில், இட்லித் தட்டில், ஏஞ்சலின் பாயில் எல்லாம் படியும். துடைப்பார், மறுபடி படியும். ஏஞ்சல் மின்னும் உறைகளை வரிசையாக நிறுத்தி விளையாடுவாள், ஒன்றை விரலில் மாட்டிக்கொள்வாள், வாயில் வைத்து விசில் அடிப்பாள். எதிர்வீட்டுப் பெண் ஒருநாள், "இன்னாக்கா, வூடு பூரா தங்கமா கீது!" என்று கேலி செய்தபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். ஏழெட்டு ஆண்டுகள் இப்படி ஓடின.

முதலில் வந்தது வயிற்றுவலி. அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்து இரண்டு முறை கரு கலைந்தது. "கர்த்தர் சித்தம்" என்று சபையில் ஜெபித்தார்கள். முகம் வெளுத்தது. பிறகு கை. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. சட்டியைத் தூக்கினால் மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. ஏஞ்சலும் எதற்கெடுத்தாலும் அழுதாள், சாப்பிட மறுத்தாள், மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட முடியாமல் திணறினாள். நான் சொல்லிக்கொடுத்தால் அரைமணியில் மறந்துவிடுவாள். பிள்ளைக்குச் செல்லம் அதிகம் என்றார்கள் நம் உறவினர்கள். யார் என்று எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு இளம் டாக்டரம்மா அக்காவின் ஈறைத் திறந்து பார்த்தார். பல்லோரத்தில் நீலக்கோடு ஓடியிருந்தது. "என்னம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். அத்தனை டாக்டர்களில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"காலித் தோட்டா தொடைக்கிறேன், டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார். அக்கா, ஏஞ்சல் இருவரின் இரத்தமும் சோதனைக்குச் சென்னைக்குப் போனது. அக்காவின் உடம்பில் காரீயம் ஏறியிருந்தது. ஏஞ்சலின் உடம்பிலும். தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் மருந்தில் காரீயம் இருக்கிறதாம். வெடித்த பின் அது கரியாக உறைக்குள் படிந்து, துலக்கும்போது தூளோடு பறக்கிறதாம். டாக்டரம்மா அன்றே மிஷினை நிறுத்தச் சொன்னார். பிள்ளை தேறிவிடுவாள், ஆனால் அம்மாவின் கிட்னி ஏற்கெனவே கெட்டிருக்கிறது என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அக்காவும் நானும் பங்களாவுக்குப் போனோம். வராந்தாவிலேயே நிற்கவைத்துப் பேசினார்கள். சார் முகத்தைப் பார்க்கவில்லை. "கையுறை போட்டுக்கச் சொன்னேனே" என்றார். சொன்னதில்லை. அதற்குள் மேடம் குறுக்கிட்டார்: "அந்தத் தூசு எங்க பொண்ணு வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதாலதானே நாங்களே மிஷினை இங்கேர்ந்து அனுப்பினோம்?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. கை வாய்க்குப் போனது.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்க பேரனுக்கு ஆகாதுன்னு எங்க வூட்டுக்கு அனுப்பினீங்க. எங்க வூட்ல ஒரு கொயந்த தவந்துகினு இருந்துச்சே மேடம், தெரியாதா? அது பொறந்தப்ப கவுனு வாங்கிக் கொட்த்தீங்களே" என்றார்.

வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் சார். "அத அப்பறம் பேசலாம். மொதல்ல எங்க தெருவுக்கு வந்து, எங்க ஜனங்க முன்னாடி, தெரிஞ்சேதான் அனுப்பினோம்னு சொல்லுங்க" என்றார் அக்கா. அவர் வரவில்லை. மறுநாள் டிரைவர் மட்டும் வந்து மிஷினை ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் புகார் கொடுத்தோம். விசாரிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் விசாரிக்கிறார்கள்.

சில மாதம் கழித்து அதே டிரைவர் மனது கேட்காமல் மாமாவிடம் ஒன்று சொன்னார். மிஷின் இப்போது இரண்டு ஊர் தள்ளி, செல்வி என்ற பெண்ணின் வீட்டில் ஓடுகிறது. அவளுக்கும் கைக்குழந்தை.

அக்கா அப்போது டயாலிசிஸில் இருந்தார். எழுந்து நின்றாலே மூச்சு வாங்கும். "ஏஞ்சல கூப்டு, ஷேர் ஆட்டோ புடி" என்றார். நானும் போனேன். செல்வி வாசலில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"உன் வேல பூட்ச்சி, அந்த வயித்தெரிச்சல்ல வந்து பேசிகினு கீற. என் வூட்டுக்காரரு படுத்துட்டாரு. இத வுட்டா நான் இன்னா துன்றது?"

அக்கா வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை. பிறகு ஏஞ்சலை முன்னால் தள்ளி, "சொவத்துல இன்னா எய்திகீதுன்னு படி கண்ணு" என்றார். எதிர்ச் சுவரில் ஒரு கட்சி விளம்பரம். பத்து வயதுப் பெண் முதல் சொல்லிலேயே தடுக்கி நின்றாள், பிறகு அழுதுவிட்டாள். பெற்ற மகளை அப்படி நிறுத்துவது அக்காவுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது, ஆட்டோவில் திரும்பி வரும்போது அவர் ஏஞ்சலை மடியிலிருந்து இறக்காமல் வந்ததில் தெரிந்தது.

செல்வி அன்றைக்கே சுவிட்சை அணைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் டாக்டரம்மாவிடம் போனாள். அந்த மிஷின் அடுத்து எந்த வீட்டுக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. டிரைவரும் வேலையை விட்டுவிட்டார்.

கடைசி மாதங்களில் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து, கர்த்தர் வைத்த சோதனையைப் பொறுமையாக ஏற்கும்படி ஆறுதல் சொன்னார். "கர்த்தர் வெச்சது இல்லீங்க ஐயா, டெம்போல வந்து எறங்கிச்சி. நான்தான் ஒரு கை புடிச்சி எறக்கினேன்" என்றார் அக்கா. போதகர் பிறகு ஜெபத்தில் 'சோதனை' என்ற வார்த்தையை விட்டுவிட்டார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

மழைக்காலத்தில் ஒரு காலையில், ஏஞ்சலுக்குத் தலை பின்னிவிடச் சொல்லி என்னிடம் சீப்பைக் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பின்னி முடிப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

அடக்கத்துக்கு அந்தப் பங்களாவிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. பெரிய மனுஷர் அனுப்பியது, இருக்கட்டும் என்று சிலர் பெட்டிமேல் வைத்தார்கள். அதை எடுத்து ரோட்டோரம் வைத்தது நான்தான். மரியாதை தெரியாதவள் என்று பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. இருக்கட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்ட டாக்டரம்மாவுக்கு நன்றி. டயாலிசிஸ் நாட்களில் வாடகை வாங்காமல் செங்கல்பட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்த எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. பெயிண்ட் வேலையை விட்டு, மனைவிக்குத் தலை வாரி, சோறு ஊட்டிய எங்கள் மாமாவுக்கு நன்றி. வாரம் தவறாமல் குழந்தையோடு வந்து ஏஞ்சலுக்குச் சமைத்துவைத்துவிட்டுப் போகும் செல்விக்கு நன்றி. ஏஞ்சல் இப்போது மெதுவாகப் படிக்கிறாள். மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிப்பாளா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

நம் ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய வீட்டார் ஒரு வேலையைக் காட்டி, உன் வீட்டிலேயே வைத்துச் செய் என்று அனுப்பினால், ஏன் உங்கள் வீட்டில் செய்யக்கூடாது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அக்காவுக்கு அன்று அதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். வேலை மட்டும்தான் போயிருக்கும்.