பங்கா இழுத்த இரண்டு பேர்

எண்ணூர்க் கழியை ஒட்டி இருந்த சர்க்கார் பங்களாவில் பங்கா இழுப்பது என் வேலை. கவர்னரின் விருந்தாளிகள், சமஸ்தானத்து திவான்கள் எல்லாம் அங்கே வந்து தங்குவார்கள். அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை, என் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை. பங்கா என்கிற பெரிய துணி விசிறி அறைக்குள் கூரையில் தொங்கும். அதன் கயிறு சுவரில் இருந்த துளை வழியாக வராந்தாவுக்கு வரும். நான் அங்கே உட்கார்ந்து இழுப்பேன். கை ஓய்ந்தால் படுத்துக்கொண்டு, கயிற்றைக் காலில் கட்டி ஆட்டுவேன்.

அந்தக் கோடையில் சீமையிலிருந்து ஒரு பெரிய துரை வந்தார். எனக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல். எனக்கு முன்பு இருந்தவனை, தூங்கிவிட்டான் என்று விரட்டியிருந்தார்கள். வேலை போனால் பங்களாவுக்குப் பின்னால் கொடுத்திருந்த அறையும் போகும். என் மனைவி அப்போது நிறைமாதம். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் துரை படுத்தார். எனக்குக் குளிர் கண்டுவிட்டது. கயிற்றைக் காலில் கட்டி, சாக்கைப் போர்த்திக்கொண்டு விழுந்தேன். பல் தந்தியடித்தது. கால் தானாக வெட்டி வெட்டி இழுக்க, உள்ளே பங்கா பறந்தது. சாயங்காலம் பட்லர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"துரைக்கு ஒரே குஷிடா. இம்மாம் காத்து எங்கயும் வாங்கலியாம். இங்க கீற வரிக்கும் இதே ஆளுதான் வோணுமாம்."

நான் விரல் விட்டு நாளை எண்ணினேன். நாளைக்குக் குளிர் வராத நாள்.

மறுநாள் இரண்டு கையாலும் இழுத்தேன். காய்ச்சல் விட்ட உடம்பில் என்ன தெம்பு இருக்கும்? பங்கா ஏனோதானோ என்று அசைந்தது. உள்ளே துரை கத்தினார். பட்லர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்.

"தொர இன்னா சொல்றாரு, நைனா?"

"இந்தச் சோம்பேறியைத் தொரத்திட்டு, நேத்து இழுத்தவனைக் கூப்புடணுமாம்."

"ரெண்டும் நான்தானே?"

"அத்த யாரு அவராண்ட சொல்றது? என் வேலையும் பூடும்." துளைப் பக்கம் திரும்பி, துரைக்குக் கேட்கும்படி, "போடா வெளியே" என்று அதட்டினார். பிறகு என் காதோரம், "அப்பிடியே சுத்தினு வந்து குந்து" என்றார்.

பங்களாவைச் சுற்றி நடந்தேன். அதட்டலைக் கேட்ட என் மனைவி அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாய்யா, வேலை பூட்ச்சா?"

உள்ளே போய்ப் படுக்கும்படி கைகாட்டினேன். மறுபக்கமாக வராந்தா ஏறிக் கயிற்றைப் பிடித்தேன். காய்ச்சல் இப்போதே வந்துவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.