டொராண்டோவில் இருக்கும் சுவிட்ச்

மாண்ட்ரியலில், செயின்ட்-மிஷேலில், ஒரு சலவைக்கடையின் மாடியில் இருக்கிறது இந்தச் சின்னத் தொலைக்காட்சி நிலையம். டொராண்டோ நிறுவனம் ஒன்று இதை வாங்கிவிட்டது. இன்று முதல் தமிழ் நிகழ்ச்சியும் அங்கிருந்தே வரும். கருவிகளை எடுத்துப்போக என்னை அனுப்பியிருக்கிறார்கள். கழற்ற வேண்டியவை: கேமரா, மிக்சர், விளக்குகள், தொலைபேசி.

அறிவிப்பாளர் மரியதாஸ் கோட்டில் பனியோடு ஓடிவருகிறார்.

"பிள்ளை, ஒரு நிமிசம் விடுங்கோ. நாளைக்கு அந்தோனியண்ணையின்ர அடக்கப் பூசை. இஞ்சத்த மாதா கோயில்ல ஹீற்றர் பழுது. அஹுன்ட்சிக் கோயிலுக்கு மாத்தியாச்சு. சனத்துக்குச் சொல்லோணும்."

"சுவிட்ச் டொராண்டோல இருக்கு சார். இங்கேருந்து எதுவும் போகாது."

"அப்ப அவையளைச் சொல்லச் சொல்லுங்கோ."

"போன் பண்ணிக் கேட்டேன் சார். உள்ளூர் அறிவிப்பு இனிமே கிடையாதாம்."

"அப்ப அந்தோனியண்ணை டொராண்டோவில போய்ச் செத்திருக்கோணும்."

திரையில் டொராண்டோ நகைக்கடை விளம்பரம் ஓடுகிறது. தொலைபேசி அடிக்கிறது. அவர் எடுக்கிறார்.

"ரீவியில என்னைக் காணேல்லையோ? ஓம் அக்கா, இனி வரமாட்டன். பூசை அஹுன்ட்சிக்கில. தெரிஞ்ச ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ."

வைத்ததும் மறுபடி அடிக்கிறது. அதன் பிறகும் அடிக்கிறது. கேமரா, மிக்சர், விளக்குகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. நான் கழற்ற வேண்டியதில் தொலைபேசி மட்டும்தான் மிச்சம். அது ஓய்கிற மாதிரித் தெரியவில்லை.