மங்களம் பாடாத நிலம்

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரைக்குச் சின்னசேலத்தில் கிளம்பினேன். கையில் ஆர்மோனியப் பெட்டி. கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ். டிக்கெட் மூன்று ரூபாய்.

"பொட்டிக்கு அரை டிக்கெட் எடுங்க. எடத்த அடச்சிக்கினு கீது," என்றார் கண்டக்டர்.

"அது பாடும். நீ பாடுவியா?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டினால் மலை. போன தடவை இந்த வழியாகத்தான் எங்கள் நாடகக் கம்பெனி முனுசாமி வாத்தியாரை இறக்கினோம். பதினொரு வருஷம் ஆகிறது.

வாத்தியார் பத்து வயதில் பெண் வேஷம் கட்டியவர். இருபதில் ராஜா வேஷம். அப்புறம் அவரே பாட்டோடு நாடகம் எழுதினார், பதினான்கு. எல்லாவற்றுக்கும் பெட்டி வாசித்தது நான். பதினான்காவதை இந்த மலையில் ஒரு ஊரில்தான் முதலில் ஆடினோம். விடிகிற நேரம், கடைசிப் பாட்டான மங்களத்துக்கு முன்னால், மேடையில் சாய்ந்தார். வாய் இழுத்துக்கொண்டது. டோலி கட்டித் தூக்கினோம். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் உயிர் போனது.

அந்த ஊரிலிருந்து பழனியம்மா என்பவர் கார்டு போட்டிருந்தார். மங்களம் பாடிவிட்டுப் போகச் சொல்லி.

ஒத்திகையில் மங்களம் பாடுவது எங்கள் கம்பெனியில் கிடையாது. பாடினால் நாடகம் அதோடு முடிந்துவிடும் என்பார் வாத்தியார். நோட்டிலும் எழுத மாட்டார். முதல் ஆட்டத்தில் மேடையில்தான் வாயைத் திறப்பார். அதனால் இந்த நாடகத்து மங்களம் எவருக்கும் தெரியாது. நானே ஒன்று கட்டிக்கொண்டு போனேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பு.

மாலை நான்கே முக்காலுக்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. ஊர் பெயரை எழுத வேண்டாம் என்றார்கள்.

சுற்றிலும் மரவள்ளி. நடுவில் ஒரு ஏக்கர் வெறும் நிலம். புல்கூட இல்லை. நாடக மேடையின் நாலு மூங்கில் கால்கள் மட்டும் நின்றன. பச்சை மூங்கில். வருஷா வருஷம் மாற்றுகிறார்களாம். குறுக்கே நடக்கிறவர்கள் நடு இடம் வந்ததும், ஆள் நிற்பது போல ஒதுங்கிப் போனார்கள்.

"ஆட்டம் முடியாத எடத்துல ஏர் பூட்டக் கூடாதுங்க," என்றார் பழனியம்மா. "எனுக்கு இத்த வுட்டா வேற நெலம் இல்ல. பதினோரு வருசமா கூலிக்குப் போய்க்கினு கீறேன்."

புதன்கிழமை காலை ஐந்தே முக்கால். பனி இறங்கியிருந்தது. ஊரே வந்து உட்கார்ந்தது. பெட்டியைப் பிரித்துப் பாடினேன். இரண்டாவது அடியில் ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க பொட்டிக்காரரே. இது அவரு பாட்டு இல்ல."

"பின்ன எது?"

அவர் பாடினார். பிறகு எல்லோரும் பாடினார்கள். "மலையேறி வந்தவர்க்கு மங்களம்" என்று எடுப்பு. நான் கேட்டதே இல்லை. ஆனால் வாத்தியார் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். என் விரல் தானாகப் பெட்டியின் கட்டைகளைப் பிடித்தது. சட்டென்று எல்லோரும் நிறுத்தினார்கள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"யாரும் இல்லீங்க," என்றார் பழனியம்மா. "விடியக்காலம் இங்க கேக்கும். கேட்டுக் கேட்டுப் பாடமாயிடுச்சு. கடைசி அடி மட்டும் வர மாட்டேங்குது. இங்கியே நின்னுபூடுது. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

எனக்குக் கடைசி அடி தெரியும். பதின்மூன்று நாடகத்திலும் அது ஒன்றுதான். தன்னைப் பெற்ற தாயின் பெயர் வைத்து முடிப்பார் வாத்தியார். கட்டையை அழுத்தினேன். "குப்பம்மாள் பெற்றவன் கும்பிட்டுப் போகிறேன்."

பெட்டியின் காற்று தீர்ந்தது.

ஏழு மணிக்கு ஏர் பூட்டினார்கள். நடு இடத்தில் மாடு இரண்டும் நின்றுவிட்டன. பழனியம்மா முன்னால் போய் அந்த இடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "மகராசன் போய்ட்டாரு. நடங்கடா," என்றார். மாடு நேராக நடந்தது. ஈர மண் புரண்டது.

பத்து மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் பக்கம் ராஜா வேஷக்காரர் செத்தால் மறுநாளே வேறு ஆள் கிரீடம் வைப்பான். வைத்தோம், நாங்களும். பாட்டை எழுதி வைக்கலாம் என்று பென்சில் எடுத்தேன். மலை இறங்குவதற்குள் ஒரு அடிகூட ஞாபகத்தில் இல்லை.